இடது கண்

மூன்று வாரமாக
ஊரையே கண்ணடித்துக்கொண்டு ஓடுகிறது என் காடி.
ரெலாவ் சிக்னலில் மோட்டார்சைக்கிள் பையன்கள்
திருப்பிக் கண்ணடிக்கிறார்கள்.
வலது விளக்கு எழுந்து நிற்கும்.
இடது
எழும், விழும், எழும், விழும்,
எங்கே நிற்பதென்று தெரியாமல்
பாயான் லெப்பாஸ் வரைக்கும்.

பியூஸைப் பிடுங்கினால் அடங்கும்.
பிறகு ரப்பர் தொப்பிக்குள் இருக்கும் குமிழைக்
கையால்தான் திருப்ப வேண்டும்.
முப்பத்தொரு சுற்று.
எண்ணியிருக்கிறேன், பெட்ரோல் நிலையத்தில்,
பட்டுப்புடவையோடு குனிந்து,
மழையில்.
கல்யாண வீட்டில் ரசம் மட்டும் மிச்சமிருந்தது.

ஆ ஹோக் திறந்துகூடப் பார்க்கவில்லை.
'மோட்டார் செத்துப்போச்சு. எண்ணூறு வெள்ளி.
ஜப்பான்லேர்ந்து வரணும்.'
பார்க்காமல் சொல்வதை நான் எடுத்துக்கொள்வதில்லை.
பதினாறு வருடமாகப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்:
லென்ஸுக்கு அடியில் ஈயப் பற்று,
முடியளவு விரிசல்,
சரி, சரி, சரி, தள்ளு, சரி.

ஞாயிறு இரவு, பி பிளாக், நாற்பத்தேழாம் எண் தூண்.
பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றினேன்.
விளக்கு மூடியில் நான்கு திருகாணி.
நான்காவதற்குத் தலையே தேய்ந்து
பிடிகொடுக்காமல் வழுக்கியது.
காவலர் தில் பகதூர்
கேட்காமலே வந்து டார்ச் பிடித்தார்.
விடியும்வரை அவர் பார்ப்பதற்கு
மேல்மாடியிலிருந்து விழும் குப்பைப் பைகளை விட்டால்
வேறொன்றும் இல்லை.

மோட்டாரைப் பிளந்தேன்.
கிரீஸ், எள்ளுருண்டைப் பாகு மாதிரி இறுகிக் கிடந்தது.
சுரண்டினால் ஒரு செம்புத் தட்டு.
தட்டில் ஓரிடத்தில் மட்டும் செம்பு கிடையாது.
சுற்றிச் சுற்றி அந்த இடத்துக்கு வந்தால்
மின்சாரம் அறும், மோட்டார் நிற்கும்.
அதற்குத் தெரிந்த அறிவெல்லாம்
அந்த இல்லாத இடத்தில்தான் இருக்கிறது.
இப்போது அங்கே
துருப்பொடி நிரம்பியிருந்தது.

பொடி எங்கிருந்து வந்ததென்று தேடினால்
தட்டை உரசும் தகடு,
ஜப்பான்காரன் வைத்தது இல்லை.
திருப்பிப் பார்த்தேன். பச்சை.
பச்சையில் வெள்ளையாக அரை வட்டம் ஓர் எழுத்து.

'மைலோ' என்றேன்.
பகதூர் குனிந்து பார்த்து,
'மைலோ' என்றார்.
எங்களுக்குள் மொழிபெயர்க்கத் தேவைப்படாத
முதல் சொல்.

யார்?
கிராண்ட்டில் எனக்கு முன் மூன்று பேர்:
லிம் சூன் கியாட்,
அஸ்மான் பின் யூசோஃப்,
சுங்கைப் பட்டாணியில் இழுத்து மூடிவிட்ட ஒரு கம்பெனி.
இவர்களில் ஒருவர் எண்ணூறு வெள்ளி இல்லாமல்
காலி டப்பாவைக் கத்தரித்திருக்கிறார்.
கத்தரித்ததோடு விடவில்லை,
நான்கு ஓரத்தையும் அரம் போட்டு மழுக்கியிருக்கிறார்.
விரலை ஓட்டிப் பார்த்தேன்.
கீறவே இல்லை.

என்னிடம் ஒரு ரிலே இருந்தது.
உறையில் விரிசல் என்று
நானே தள்ளிய சரக்கு.
உள்ளே இருந்த வெண்கலப் பட்டைக்கு
ஒரு குறையும் இல்லை.
வெட்டினேன், வளைத்தேன், பொருத்தினேன்,
இடைவெளியை ஊக்கால் கீறிச் சுத்தம் செய்தேன்,
புது கிரீஸ், நகநுனியளவு.
மூடினேன்.

ஸ்விட்ச்.
இடது எழுந்தது,
நின்றது.
வலது அரை நொடி பிந்தி வந்து சேர்ந்தது.
பகதூர் டார்ச்சை வலது பக்கம் திருப்பி
என் முகத்தைப் பார்த்தார்.
'அதெல்லாம் வேண்டாம், மணி ஒன்று' என்றேன்.

கை துடைத்த துணியில் சிவப்பு.
கட்டைவிரலில் மெல்லிய, நேரான கீறல்,
எப்போது பட்டதென்றே தெரியவில்லை.
புதுப் பட்டையின் ஓரம்.

கொஞ்ச நேரம் பானட்டில் சாய்ந்து நின்றேன்.
மழை விட்டிருந்தது.
கருவிப் பெட்டியில் அரத்தைத் தேடி எடுத்து
மறுபடியும் குனிந்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று கழன்றன.
நான்காவது
வழுக்கியது.